போர்ஷே 914-ல் பழைய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து செய்த 914, 1969 செப்டம்பரில் ஃபிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. 1976 வரை தயாரானது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. அங்கே விற்ற நாலு சிலிண்டர் மாடல்கள் எல்லாமே பாஷ் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன்: 1.7 லிட்டரும் 2.0 லிட்டரும் டி-ஜெட்ரானிக், 1974-ல் வந்த 1.8 மட்டும் எல்-ஜெட்ரானிக். கீழே உள்ளதெல்லாம் இந்தக் கார்களை மனதில் வைத்து எழுதியது. ஆறு சிலிண்டர் 914/6-ல் கார்புரேட்டர் என்பதால் அதற்கு இதில் பாதிதான் பொருந்தும்.

கார் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு ஹோஸை மாற்ற வேண்டும்?

நன்றாக ஓடும் கார்தான் எரிகிறது. ஓடாமல் ஷெட்டில் கிடக்கும் காரில் பம்ப் சுற்றுவதே இல்லையே.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். 914-ன் பம்ப் எஞ்சினுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெட்ரோலை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எடுத்ததுபோக மிச்சமெல்லாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி டேங்குக்கே போய்விடும். இப்போது ஒரு ஹோஸ் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் திரும்பிப் போகும் அளவைக் கொஞ்சம் குறைத்து, அழுத்தத்தை அதே இடத்தில் பிடித்து வைத்துவிடும். எஞ்சின் திணறாது, இழுவை குறையாது, ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டும்போதுதான் தெரியும்.

கார்புரேட்டர் கார்களிலும் ரப்பர் ஹோஸ்தானே? அதற்கெல்லாம் யாரும் இவ்வளவு பயப்படுவதில்லையே?

கார்புரேட்டர் காரில் ஹோஸுக்குள் இருப்பது மூன்று, நாலு பிஎஸ்ஐ அழுத்தம். விரிசல் விட்டால் சொட்டும், வாசனை வரும், நாலு நாளில் கவனித்துவிடுவீர்கள். டி-ஜெட்ரானிக்கில் இருப்பது சுமார் 28, 29 பிஎஸ்ஐ, அதாவது 2 பார். கார் டயரில் அடிக்கிற காற்று அளவு. அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெட்ரோல் சொட்டாது, பனிபோலப் பீய்ச்சும். கீழே எக்ஸாஸ்ட்டைச் சுற்றி, ஹீட்டருக்குக் காற்றைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டர். திரவமாக ஓடும் பெட்ரோலைவிட, காற்றோடு கலந்து பனியாக நிற்கும் பெட்ரோல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, எஞ்சினே அந்த வேலையைத்தான் செய்கிறது.

போதாக்குறைக்கு இது காற்றில் குளிரும் எஞ்சின். கூலிங் ஃபேன் எஞ்சின் அறையில் இருக்கும் காற்றையே உள்ளே இழுக்கிறது. ஹீட்டருக்குப் போவதும் அதே காற்றுதான். அதனால் ஹீட்டரைத் திறந்ததும் காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தால் "பழைய கார், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே காரை நிறுத்திவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள்.

மொத்தம் எங்கெங்கே ஹோஸ் இருக்கிறது?

டேங்க் முன்னால், எஞ்சின் நடுவில். எனவே பெட்ரோல் காரின் நீளம் முழுக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. டேங்குக்கு அடியில் இரண்டு குட்டி ஹோஸ்கள்: ஒன்று போக, ஒன்று வர. அவை இரண்டு பிளாஸ்டிக் குழாய்களோடு சேரும். அந்தக் குழாய்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் டனலுக்குள் ஓடி, சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைத் தாண்டி எஞ்சின் அறைக்கு வரும். அங்கிருந்து ஃபில்டர், பம்ப், அப்புறம் எஞ்சினின் இரண்டு பக்கமும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில்கள் என்ற குழாய்கள், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு விரல் நீளத்தில் ஒரு துண்டு ஹோஸ், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் கோல்ட் ஸ்டார்ட் வால்வுக்கு ஒரு கிளை, கடைசியில் ரெகுலேட்டர், அங்கிருந்து திரும்பும் குழாய்.

1974 வரை வந்த கார்களில் பம்ப் பின்னால் வலது பக்கம், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் திணறுகிறது என்று 1975, 76 மாடல்களில் அதை முன்னால், டேங்க் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் கார் பழைய மாடலாக இருந்தும் பம்ப் முன்னால் இருந்தால், முன்பு வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் குழாய் இணைப்புகளையும் அவரே தன் இஷ்டத்துக்குச் செய்திருப்பார், புத்தகத்தில் உள்ள படத்தை நம்பாதீர்கள், ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

இதுபோக டேங்க் ஆவி போகும் ஹோஸ்கள், பெட்ரோல் ஊற்றும் வாயின் தடி ஹோஸ் இவையும் உண்டு. இவற்றில் அழுத்தம் கிடையாது, ஆனால் முன்பக்க டிக்கியில் பெட்ரோல் நாற்றம் அடித்தால் காரணம் பெரும்பாலும் இவைதான்.

வெடித்த ஹோஸ் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. எல்லா ஹோஸும் ஒரே வயது, ஒரே சூடு, ஒரே பெட்ரோல். ஒன்று போய்விட்டது என்றால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் ஹோஸைத்தான் எல்லாரும் மாற்றுவார்கள். டேங்குக்கு அடியில் இருப்பதும் தடுப்புச் சுவர் பக்கம் இருப்பதும் 1973-ல் தொழிற்சாலையில் மாட்டியபடியே இருக்கும். பளபளவென்று புது ஹோஸ் போட்ட எஞ்சின் அறைகளில், ரெயிலுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் பிஸ்கட் மாதிரி உடையும் பழைய துண்டு ஒன்று சிக்கும், இது சர்வ சாதாரணம். டேங்கில் ஆரம்பித்து டேங்கில் முடியும் முழு வட்டத்தையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

டனலுக்குள் போகும் பிளாஸ்டிக் குழாயையுமா?

அதைத்தான் முதலில். டனலுக்குள் இருக்கும் நீளம் வெயில், சூடு படாமல் ஓரளவு தப்பித்திருக்கும். ஆனால் எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்க்கும் கடைசிச் சில அங்குலம் பல வருஷம் வெந்து, மஞ்சளாகி, கண்ணாடிபோல ஆகியிருக்கும். ரப்பர் ஹோஸை அதிலிருந்து இழுத்துக் கழற்றும்போதே நுனி கையோடு உடைந்து வரும். உடைந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தில் ஹோஸைச் சொருகிவிடலாம் என்று சொல்வார்கள். ஊர் போய்ச் சேர அது சரி. நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாற்று என்ன என்றால், பெரும்பாலோர் துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய் போடுகிறார்கள், 914-க்கென்றே அளவெடுத்து வெட்டியதாகக் கிடைக்கிறது. செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப்பும் நல்லதுதான், கையாலேயே வளையும், துரு ஏறாது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம். அது அதிர்வில் நாளடைவில் இறுகி, வளைவில் விரிசல் விடும்.

டனலுக்குள் எப்படித்தான் நுழைப்பது?

பொறுமை தவிர வேறு ரகசியம் இல்லை. அந்தக் குறுகலான இடத்துக்குள்ளேயே கியர் ராட், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒயர்க்கட்டு எல்லாம் போகின்றன. கியர் லீவரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே போகும். பெடல் பக்கம் இருக்கும் மூடியைத் திறந்தால் முன்பக்கமும் பார்க்கலாம். டேங்கை வெளியே எடுத்துவிட்டுச் செய்வது நல்லது. எடுக்காமல் செய்தவர்கள் உண்டு, அவர்களுடைய முழங்கையைப் பார்த்தால் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் குழாயை உருவுவதற்கு முன்னால் அது எங்கெங்கே வளைகிறது, எந்த கிளிப்பில் பிடிமானம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் குழாயின் நுனியில் டேப் சுற்றி மூடிவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் டனலில் தேங்கிய அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். தள்ளும்போது எங்காவது இடித்தால் பலம் கொடுக்காதீர்கள், பெரும்பாலும் அது கிளட்ச் கேபிளின் உறையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பின்வாங்கி, குழாயைச் சுழற்றி, மறுபடி தள்ளுங்கள். இன்னொருவர் கியர் லீவர் ஓட்டையில் கையை வைத்து வழிகாட்டினால் வேலை பாதியாகும்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. குழாயின் நுனியில் லேசாகப் புடைத்த வளையம் இருக்க வேண்டும். வழுவழுவென்று வெட்டிய நுனியில் ஹோஸ் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் நழுவும். அப்புறம், வெட்டிய குழாயின் உள்விளிம்பைச் சுரண்டிச் சரிசெய்து, உள்ளே பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்த பிறகுதான் இணைக்க வேண்டும். ஒரு இரும்புத் துணுக்கு போதும், இன்ஜெக்டர் திறந்தபடியே மாட்டிக்கொள்ள.

டனலுக்குள் ஸ்டீல் குழாய் எதையும் உரசிக்கொண்டு ஆடவும் கூடாது. பழைய கிளிப் உடைந்திருந்தால் ரப்பர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி, குழாய்மேல் மாட்டிவிடுங்கள்.

எந்த ஹோஸ் வாங்குவது? கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் போதுமா?

கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் பெரும்பாலும் கார்புரேட்டர் ஹோஸைத்தான். ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். அமெரிக்கத் தரத்தில் எஸ்ஏஈ ஜே30 ஆர்7 என்று இருந்தால் அது குறைந்த அழுத்தத்துக்கு, 50 பிஎஸ்ஐ வரை. காகிதத்தில் பார்த்தால் 29-க்கு 50 போதும்போலத் தோன்றும், ஆனால் அது இன்ஜெக்ஷனுக்கென்று செய்ததில்லை. நமக்கு வேண்டியது ஜே30 ஆர்9. 100 பிஎஸ்ஐ வேலை அழுத்தம், உள்பூச்சும் வேறு, இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கும் ஹோஸ் என்றால் அதற்கு ஆர்10, ஆனால் 914-ல் அந்தத் தேவை இல்லை.

ஜெர்மன் ஹோஸ் என்றால் டின் 73379 என்று தேடுங்கள், அதிலும் கடைசியில் 3ஈ என்று இருப்பது எத்தனாலுக்கும் ஏற்றது. தொழிற்சாலையில் வந்தது துணி பின்னிய ஹோஸ், அதைப்போலவே பார்வைக்கு வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழி.

துணி பின்னியது நல்லதா, வெறும் ரப்பர் நல்லதா?

தரம் ஒன்றாக இருந்தால் இரண்டும் நல்லதே. ஆனால் துணி பின்னியதில் ஒரு சிக்கல்: உள்ளே ரப்பர் செத்துப்போயிருந்தாலும் மேலே துணி புதிதுபோலவே இருக்கும். விரிசல் கண்ணில் படாது, கசிவு வந்த பிறகு துணி ஈரமாகும், அவ்வளவுதான் எச்சரிக்கை. நான் ரப்பர் மேல்தோல் உள்ள ஆர்9 போடச் சொல்வேன், வளைத்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். போட்டிக்குக் காட்டும் கார் என்றால் துணி ஹோஸ் போட்டு, மாட்டிய வருஷத்தை எழுதி வையுங்கள்.

ரேஸ் காரில் வருகிற ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ்?

உள்ளே டெஃப்லான் குழாய், நுனியில் அதற்கேற்ற திருகு இணைப்புகள் என்று முறையாகச் செய்தால் வாழ்நாளுக்கும் போதும். மேலே ஸ்டீல் வலை, உள்ளே சாதா ரப்பர், நுனியில் ஒரு கிளாம்ப் என்று விற்பதைத் தொடாதீர்கள். அந்த வலை பக்கத்தில் இருக்கும் ஒயரை அரம்போல அறுக்கும், உள்ளே ரப்பர் என்ன கதியில் இருக்கிறது என்றும் தெரியாது.

கிளாம்ப் எதுவானாலும் சரிதானே?

இல்லை. ஸ்க்ரூடிரைவரால் திருகும் சாதாரணக் கிளாம்பில் பட்டை முழுக்க வெட்டு வெட்டாக இருக்கும். இறுக்க இறுக்க அந்த வெட்டுகளுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும். அது மட்டுமில்லாமல் இவ்வளவு சின்ன ஹோஸில் அது முழு வட்டமாக உட்காராது, திருகு இருக்கும் பக்கம் ஒரு இடைவெளி விடும். இன்ஜெக்ஷன் கிளாம்ப் என்றே தனியாக உண்டு: வழுவழுப்பான பட்டை, ஓரம் மேல்நோக்கி மடிந்திருக்கும், ஒரு சின்ன போல்ட்டும் நட்டும். உங்கள் ஹோஸின் வெளிவிட்டத்தை அளந்து அதற்கேற்ற சைஸ் வாங்குங்கள், சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குமேல் அது ஈடுகொடுக்காது.

ரப்பர் பட்டையின் ஓரத்தில் லேசாக மேலெழும் வரை இறுக்கினால் போதும். பலசாலிகள் செய்யும் தப்பு, போல்ட் நிற்கும் வரை இறுக்குவது.

இன்ஜெக்டரில் இருக்கும் குட்டி ஹோஸை எப்படிக் கழற்றுவது?

மொத்த வேலையில் மிகவும் நிதானம் தேவைப்படுவது இங்கேதான். தொழிற்சாலை ஹோஸ் இன்ஜெக்டரின் வரிவரியான மூக்கின்மேல் ஏறி, அடியில் ஒரு உலோகக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிளாம்ப் இருக்காது. இழுத்தால் வராது. பலரும் கத்தியை நேராக வைத்து நீளவாக்கில் கீறுவார்கள், கத்தி ரப்பரைத் தாண்டி மூக்கில் ஒரு கோடு போட்டுவிடும். மயிரிழை அளவு கோடுதான், ஆனால் அது வரிகள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் புது ஹோஸ் போட்ட பிறகு பெட்ரோல் அந்த வாய்க்கால் வழியாகவே வெளியே வரும். என்ன கிளாம்ப் போட்டாலும் நிற்காது.

எனவே இன்ஜெக்டரைக் காரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பென்சில் சீவுவதுபோல ரப்பரை அடுக்கடுக்காகச் சீவி எடுங்கள், உள்ளே ஒரு மெல்லிய தோல் மிஞ்சும்வரை. மிஞ்சியதைக் குறடால் பிடித்துச் சுழற்றினால் கழன்று வந்துவிடும். சால்டரிங் அயர்னால் சுட்டு உருக்கி எடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் இருக்கும் ஒரு பொருளில் பழுக்கச் சுட்ட கம்பியை வைக்கச் சொல்லும் யோசனைக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

புது ஹோஸை ஏற்றும்போது மூக்கில் துளி எஞ்சின் ஆயில் தடவினால் கிண்ணத்தின் அடிவரை போய் உட்காரும். கிண்ணம் தொட்டதா என்று பார்த்த பிறகே கிளாம்ப்.

இன்ஜெக்டரை வெளியே எடுத்ததோடு அதன் ரப்பர் சீல்களையும் மாற்றிவிடுங்கள். டி-ஜெட்ரானிக், இன்டேக்கில் இருக்கும் காற்றழுத்தத்தை அளந்துதான் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்கிறது. சீல் வழியாகக் காற்று புகுந்தால் அந்தக் கணக்கு தப்பும், ஐடிலிங் தறிகெட்டுப் போகும், நீங்கள் ஹோஸ் மாற்றியதால்தான் இப்படி என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பம்பில் மூன்று வாய் இருக்கிறது, எது எதற்கு?

பழைய பாஷ் பம்பில் எஸ், டி, ஆர் என்று ஜெர்மன் எழுத்துகள் பொறித்திருக்கும். எஸ் உள்ளே இழுப்பது, டி அழுத்தத்தோடு வெளியே தள்ளுவது, ஆர் திரும்பிப் போவது. கழற்றும் முன் போட்டோ. பின்னால் வந்த பம்புகளில் இரண்டே வாய், குழப்பம் இல்லை.

பேட்டரிக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் என்ன சம்பந்தம்?

914-ஐ வடிவமைத்தவர்கள் பேட்டரியை எஞ்சின் அறைக்குள்ளேயே வலது மூலையில் வைத்துவிட்டார்கள். மேலே காற்று போகும் கிரில், மழை பெய்தால் நேராக உள்ளே. பேட்டரி ஆசிடும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கீழே இருக்கும் தட்டை அரித்து, அதற்கும் கீழே காரின் எலும்பையே அரிக்கும். அமெரிக்க 914 ஆட்கள் அந்த மூலைக்கு நரகக் குழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆசிட் சொட்டுவது சுற்றியிருக்கும் ஹோஸ்மேலும் குழாய்மேலும்தான். ஆகவே ஹோஸ் மாற்றும்போது பேட்டரியை வெளியே எடுத்து, தட்டைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துரு எவ்வளவு என்று பாருங்கள். ஆசிட் கசியாத மூடிய வகை பேட்டரிக்கு மாறிவிடுவது உத்தமம்.

இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரி கேபிளைக் கழற்றும்போது பொறி பறக்கும், அது பறக்கும் இடம் உங்கள் பெட்ரோல் ஹோஸிலிருந்து கைக்கெட்டும் தூரம். எனவே எந்த ஹோஸையும் தொடுவதற்கு முன்பே, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். நடுவில் "அட, பேட்டரியை மறந்துவிட்டோமே" என்று ஞாபகம் வந்தால் சிந்தியதைத் துடைத்து, வாசனை முழுக்கப் போன பிறகு கழற்றுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

டேங்க் 62 லிட்டர். பம்ப் தாழ்வாக இருப்பதால் பின்னால் ஒரு ஹோஸைக் கழற்றினாலே டேங்கில் இருப்பதெல்லாம் தானாக ஓடி வந்துகொண்டே இருக்கும். காலி செய்துவிட்டு ஆரம்பியுங்கள், அல்லது கிட்டத்தட்ட காலியாகும் வரை ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கேரேஜ் கதவு திறந்திருக்கட்டும். தண்ணீர் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் கேரேஜிலேயே இருந்தால், அமெரிக்க வீடுகளில் இது சகஜம், வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தரையோடு தவழும் பெட்ரோல் ஆவிக்கு அந்தச் சின்ன பைலட் தீ போதும். எஞ்சின் நின்ற பிறகும் ரெயிலில் அழுத்தம் மிச்சம் இருக்கும், முதல் ஹோஸைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினை இறக்கியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. இறக்காமல் எல்லாவற்றையும் மாற்ற முடியும், ஆனால் தடுப்புச் சுவர் பக்கம் கை போகாது, போனாலும் கண் போகாது. கிளட்ச் மாற்ற எப்படியும் எஞ்சினை இறக்கப் போகிறீர்கள் என்றால் ஹோஸ் வேலையை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகரத்தை மட்டும் மறக்காதீர்கள். பெட்ரோல் குழாய்கள் அந்தத் தகரத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் நுழைகின்றன. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், பாதிக் கார்களில் அது எப்போதோ காணாமல் போயிருக்கும். வெறும் தகர விளிம்பில் உரசும் புது ஹோஸ், எவ்வளவு உயர்ந்த தரமானாலும் ஒரு கோடைக்குமேல் தாங்குமா என்பது சந்தேகம். வளையத்தின் விலை ஒரு காபிகூட ஆகாது.

முடித்த பிறகு கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டி-ஜெட்ரானிக்கில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும். ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று நாலைந்து தடவை செய்தால் ரெயிலில் முழு அழுத்தம் ஏறிவிடும். ரிலேவை ஒயரால் இணைத்துப் பம்பை விடாமல் ஓட வைக்கலாம்தான், ஆனால் கசிகிறதா என்று தெரியாத நேரத்தில் எஞ்சின் அறைக்குள்ளேயே பொறி பறக்கும் காரியம் எதற்கு?

இப்போது நல்ல டார்ச்சும் வெள்ளை டிஷ்யூ பேப்பரும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் துடையுங்கள். கண் தவறவிடுவதைப் பேப்பர் காட்டிக்கொடுக்கும். டேங்குக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை விட்டு, நிறுத்தி, மறுபடி துடையுங்கள். சூட்டில் ரப்பர் இளகும், குளிர்ந்ததும் சுருங்கும், அதனால் மறுநாள் காலை இன்னொரு முறை. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கிளாம்ப்களை ஒருமுறை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் கால் சுற்று.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

என் கணக்கு ஐந்திலிருந்து ஏழு வருஷம், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். வருஷம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலும், வளைவில் நரம்பு நரம்பாகக் கோடு தெரிந்தாலும், நுனி உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம். அதிகம் ஓடாத கார்தான் சீக்கிரம் கெடும். எத்தனால் பழைய ரப்பரிலிருந்து அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருளைக் கரைத்து எடுத்துவிடும். நனைந்தபடியே இருக்கும்வரை ரப்பர் தாக்குப்பிடிக்கும், காய விட்டால் சுருங்கி வெடிக்கும்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் போட்டால் இந்தத் தொல்லை இல்லையா?

குறையும், தீராது. அமெரிக்காவில் பெரும்பாலும் 10 சதவீதம் கலந்ததுதான் கிடைக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது. இந்தியாவில் ஈ20-க்கே போய்விட்டோம், எனவே 914 இல்லாவிட்டாலும் பழைய எம்பிஎஃப்ஐ கார் வைத்திருப்பவர்கள் அதன் ரப்பர் ஹோஸ்களை ஒருமுறை வளைத்துப் பார்ப்பது நல்லது. அவற்றிலும் இதைவிட அதிக அழுத்தம்தான் ஓடுகிறது.

என் கார் 914 இல்லை, கே-ஜெட்ரானிக் உள்ள 911. இதே முறைதானா?

இல்லை, தயவுசெய்து இதைப் பார்த்துச் செய்யாதீர்கள். கே-ஜெட்ரானிக் என்பது பாஷின் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன், அதில் அழுத்தம் 5 பார் அளவுக்கு வரும். அதில் ஹோஸின் நுனியில் திருகும் உலோக இணைப்பை இயந்திரத்தால் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸும் கிளாம்பும் போடுவது ஆபத்து. புதிதாகவே வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெட்ரோல் ஹோஸ் செய்து கொடுக்கும் நல்ல ஹைட்ராலிக் கடையில் பழைய இணைப்பைக் கொடுத்துப் புது ஹோஸ் ஏற்றி வாங்குங்கள்.

தீயணைப்பான் எது வைத்துக்கொள்வது?

சீட்டிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று கட்டாயம். பவுடர் வகை விலை குறைவு, தீயை நன்றாக அணைக்கும், ஆனால் அந்தப் பவுடர் ஒயரிங், அலுமினியம் எல்லாவற்றையும் அரிக்கும். ஹாலோட்ரான் போன்ற எச்சம் விடாத வகை விலை அதிகம், இந்தக் காருக்கு நான் அதைத்தான் சொல்வேன். புகை தெரிந்தால் முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்வரை பம்ப் தீக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் எல்லாரும் இறங்குங்கள். எஞ்சின் மூடியை விரியத் திறக்காமல் கிரில் வழியாகவே உள்ளே அடியுங்கள். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லை என்றால் விலகி நில்லுங்கள், கார் போனால் போகட்டும்.

கார் வாங்கப் போகிறேன். "ஹோஸ் எல்லாம் மாற்றியாச்சு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

எந்த வருஷம், எந்த ஹோஸ், டனல் குழாயும் சேர்த்தா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் இழுப்பார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு, தடுப்புச் சுவரிலிருந்து வெளியே வரும் குழாய் மஞ்சள் பிளாஸ்டிக்கா ஸ்டீலா என்று பாருங்கள். ரெயில் பக்கம் இருக்கும் ஹோஸில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்7 என்று இருந்தாலோ வெட்டுப் பட்டைக் கிளாம்ப் கண்ணில் பட்டாலோ, வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். பிடித்துப்போய் வாங்கிவிட்டால், ஓட்டிக்கொண்டு வராமல் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்குங்கள்.